பாட்டு வைத்தியமும் ஊரூர் குப்பத்து அஞ்சலையும்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் யோசித்தேன். எழுத உட்காருவேன். சம்பந்தி வீட்டார் படித்தால் என்ன நினைப்பார்கள், பஜனை கோஷ்டியில் நாளைக்கு எப்படி முகம் காட்டுவது என்று தோன்றும். பேனாவை மூடிவிடுவேன். என் மனைவி ஒருநாள், "கொலைக் கேஸுக்கு வாக்குமூலம் எழுதற மாதிரி இல்ல உட்கார்ந்திருக்கீங்க. எழுதினா எழுதுங்க, இல்லன்னா வந்து சாப்பிடுங்க" என்றாள். அன்றைக்கும் சாப்பிடத்தான் போனேன்.

இப்போது வயதாகிவிட்டது. கபாலீசுவரன் எப்போது கூப்பிடுவான் என்று தெரியாது. அதனால் எழுதிவிடுகிறேன்.

நான் படித்தது எட்டாவது வரைதான். அடையாறில் ஒரு தர்ம ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸராக இருந்தேன். புண்ணைக் கழுவிக் கட்டுப் போடுகிற வேலை. மயிலாப்பூரில் குளத்தில் முகம் கழுவி, விபூதி பூசி, கோபுரத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு சைக்கிளில் பாலம் தாண்டிப் போவேன். பெரும்பாலும் எனக்குப் பின்கட்டு வார்டுதான். குணமாகாது என்று டாக்டர்கள் முடிவு செய்துவிட்ட நோயாளிகளை அங்கேதான் போடுவார்கள். இப்போது அந்த மாதிரி வார்டுகளுக்கு மரியாதையான பெயர்கள் வந்துவிட்டன. அங்கே வேலைக்கு வருகிற உங்களுக்கு அதற்கென்று பயிற்சி தருகிறார்கள். நோயாளிகளுக்குப் பாடவே தனியாக ஆள் வைக்கிறார்கள் என்றும் கேள்விப்பட்டேன். சந்தோஷம். அந்த ஆட்களுக்கும், அவர்களோடு மல்லாடப் போகிற டிரஸ்ஸர், நர்ஸ், ஆயா எல்லாருக்கும் இதைச் சொல்லுகிறேன். மல்லாட்டம் இருக்கும். சந்தேகம் வேண்டாம்.

எழுபதுகளின் ஆரம்பம். எங்கள் ஆஸ்பத்திரிக்குச் சீமையில் படித்துவிட்டு ஒரு லேடி டாக்டர் வந்தார். எல்லாரும் சின்ன டாக்டரம்மா என்போம். நல்ல மனசு, நல்ல கை. அங்கே இந்த மாதிரி வார்டுகளில் பாட்டுப் பாடுகிறார்கள், வலி கொஞ்சம் தணிகிறது, ராத்திரி தூங்குகிறார்கள் என்று பார்த்துவிட்டு வந்திருந்தார். ஒருநாள் தாழ்வாரத்தில் என்னை நிறுத்தினார்.

"நீங்க பஜனைல பாடுவீங்களாமே?"

"பாட மாட்டேம்மா. பின்பாட்டு. முன்னால ஒருத்தர் சொல்வார், நாங்க வாங்கிச் சொல்வோம்."

"அது போதும். வார்டுக்கு ஏற்பாடு பண்ணுங்க."

எது போதும் என்று நான் கேட்பதற்குள் படியேறிப் போய்விட்டார். அந்த நாளில் எல்லாரும் எல்லாவற்றையும் நடந்துகொண்டேதான் சொன்னார்கள்.

எனக்குத் தெரிந்தவர் எங்கள் கோஷ்டியின் பாகவதர்தான். மாட வீதியில் அவர் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். உடனே ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்ட கையோடு மைக் வேண்டும் என்றார்.

"ஒரே ஹால்தான் சாமி. இந்தப் பக்கம் தும்மினா அந்தப் பக்கம் கேட்கும்."

"தும்மறது வேற, பாடறது வேற ஓய். நான் எங்காத்துல பாடறதுக்கே மைக் கேப்பேன், தெரியுமோ?"

மைக் இல்லை என்று புரியவைக்க அரை நாள் ஆயிற்று. அடுத்தது ஆர்மோனியம் வைக்க மேஜை. அது முடிந்ததும், வார்டில் செருப்பைக் கழற்றினால் தரையில் கிருமி இருக்குமோ என்ற கவலை. நான் வேலைக்கு வந்தது புண்ணுக்குக் கட்டுப் போட. இந்த மேஜைக்கும் மைக்குக்கும் நடுவில் நான் பட்ட பாடு எனக்கும் சாமிக்கும்தான் தெரியும்.

இதற்கெல்லாம் மேலே, என்ன பாடுவது என்பது. எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். உயிர் பிரிகிற நேரத்தில் தலைமாட்டில் உட்கார்ந்து ஓதுகிற ஒரு பாட்டு உண்டு. அதைக் கேட்டுக்கொண்டே போனால் நல்ல கதி என்பது நம்பிக்கை. எனக்கும் அந்த நம்பிக்கை உண்டு. என் அப்பாவுக்கு நானே சொன்னேன். பாகவதர் அதைத்தான் முதலில் எடுப்பேன் என்றார். வார்டு படியில் வைத்துக் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்.

"சாமி, அது மட்டும் வேண்டாம். முருகன் மேல ஏதாவது துடியா எடுங்கோ."

"எல்லாரும் போகப்போற ஜீவன்கள்னு நீர்தானே சொன்னீர்? அதைவிட அவாளுக்கு வேற என்னய்யா புண்ணியம் பண்ண முடியும்?"

கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்துவிட்டார். குரல் என்னவோ தேன்தான். அது பெண்கள் வார்டு. வாசல் ஓரக் கட்டிலில் ஒரு கிழவி. அவள் மகள் டீ வாங்கக் கூஜாவோடு வெளியே போயிருந்தாள். திரும்பி வந்து வாசலில் கால் வைத்ததும் பாட்டைக் கேட்டாள். கூஜா கீழே விழுந்தது. "என்ன உட்டுட்டுப் போயிட்டியா எம்மா" என்று மாரில் அடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். கிழவி கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, "ஏண்டி கத்தற, உசுரோட கீறேன்டி" என்றாள். மகள் காதில் விழுந்தால்தானே. இவள் அழுவதைப் பார்த்து அடுத்த கட்டிலுக்குத் துணையாக இருந்தவள் அழுதாள். யார் போனது என்று கேட்காமலே வார்டு முழுக்க ஒப்பாரி எழுந்தது. கண்ணை மூடியிருந்த பாகவதர் அதைப் பக்திப் பரவசம் என்று எடுத்துக்கொண்டு இன்னும் ஒரு கட்டை ஏற்றினார்.

சாயங்காலத்துக்குள் சில வீட்டார், எங்களை ஏமாற்றினீர்களா, இன்றைக்கே முடிந்துவிடுமா என்று கேட்டு, நோயாளியை ரிக்‌ஷாவில் ஏற்றி அழைத்துப் போய்விட்டார்கள். பெரிய டாக்டர் சின்ன டாக்டரம்மாவையும் என்னையும் கூப்பிட்டு, இனி வார்டில் யாரும் வாயைத் திறக்கக்கூடாது என்றார். அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

ஆகவே பாட வருகிறவர்களே, எது உயர்ந்த பாட்டு என்று யோசிக்காதீர்கள். அந்தப் பாட்டை அந்த நோயாளி இதற்கு முன்னால் எங்கே, எந்த வீட்டில் கேட்டார் என்று முதலில் விசாரியுங்கள்.

அன்றைக்கு வார்டில் சிரித்தவள் ஒருத்திதான். ஜன்னலோரக் கட்டில் அஞ்சலை. ஊரூர் குப்பத்துக்காரி. அடையாறு தெருக்களில் கூடை சுமந்து மீன் விற்றவள். என் வயதுதான் இருக்கும். ஆர்மோனியத்தைத் தூக்கிக்கொண்டு நான் அவள் கட்டிலைத் தாண்டினபோது, "இன்னா நைனா, கருமாதிக்கு முன்னாடியே வந்துட்டீங்க? எள்ளு கொண்டாந்தியா, மறந்துட்டியா?" என்றாள்.

அவளுக்கு முழங்காலுக்குக் கீழே புற்று. வெளியே வெடித்துப் பெரிய புண்ணாகிவிட்டது. முன்பு ஒரு டிரஸ்ஸர் அவசரத்தில், காய்ந்து ஒட்டியிருந்த துணியை நனைக்காமல் பிய்த்து எடுத்திருக்கிறார். அதிலிருந்து அவள் யாரையும் காலைத் தொட விடவில்லை. கட்டுச் சாமான் தட்டை எடுத்துக்கொண்டு போனாலே நல்ல காலைத் தூக்கி உதைக்கத் தயாராக இருப்பாள். வலி ஊசி அந்த நாளில் லேசில் கிடைக்காது. அது பூட்டிய அலமாரிக்குள், அதன் சாவி பெரிய டாக்டரிடம். கட்டு மாற்றாத புண் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நாற்றம் தாங்காமல் பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்கள் முறையிட்டார்கள்.

பெரிய டாக்டர் சொல்லிவிட்டார். "அடுத்த ரவுண்டுக்குள்ள கட்டு மாத்த விட்டா இருக்கட்டும். இல்லன்னா வீட்டுக்கு அனுப்பிடுங்க. ஒத்துழைக்கிறவங்க எத்தனையோ பேர் வெளியில காத்திருக்காங்க."

வீடு என்றால் மணலில் தங்கச்சி போட்டிருந்த குடிசை. தங்கச்சியும் மீன்காரிதான். விடியுமுன் கூடை எடுத்தால் பொழுது சாய்ந்துதான் வருவாள். பகல் முழுக்க இவள் தனியாக, திறந்த புண்ணோடு, ஈ மொய்க்கக் கிடக்க வேண்டும். பிழைக்கவைக்கிற பேச்சே இல்லை. இருக்கிற கொஞ்ச நாள் சுத்தமாக, ஒரு கட்டிலில் இருக்க வேண்டும். அவ்வளவுதான் விஷயம். அதற்கும் அவளே வழி விடவில்லை.

நான் என்ன செய்தேன்? எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, பெரிய டாக்டர் காதில் விழாதபடி, மெதுவாக அம்மன் மேல் ஒரு பாட்டுச் சொன்னேன். மனசு இளகும் என்று நினைத்தேன். அவள் முழுக்கக் கேட்டாள்.

"நல்லாத்தான் பாடற. அது உனக்கு. வலி எனக்கு. தட்ட எட்த்துக்கினு போ."

அடுத்த நாள் வேறு பாட்டு. அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதற்கு மறுநாள், நீ வீட்டுக்குப் போனால் என்ன ஆகும் தெரியுமா என்று கத்தியே விட்டேன். "நீ இன்னாத்துக்கு கத்தற? காலு உன்னுதா?" என்றாள். இரண்டு பேருமாக அந்தக் காலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். துணியை மட்டும் உப்புத் தண்ணீரில் நனைத்து விட அனுமதித்திருந்தாள். அதற்கு மேல் விரல் படக்கூடாது.

அப்போது ஜன்னலுக்கு வெளியே ஒரு மீன்காரி கூவிக்கொண்டு போனாள். அஞ்சலை காதைக் கொடுத்துக் கேட்டாள். முகம் கோணிற்று.

"கூவறாளே, இது கூவலா? புருசங்கிட்ட அடி வாங்கினவ அழுவற மாதிரி கீது. இதக் கேட்டு எவ கதவத் தெறப்பா? கூவறதுன்னா இப்பிடிக் கூவணும்."

கையை ஊன்றிக் கொஞ்சம் நிமிர்ந்தாள். மூச்சை இழுத்தாள். "வஞ்சிரங் கீது, வவ்வாலு கீது, சங்கரா துள்ளிக்கினு கீதேய்" என்று அந்த உடம்பிலிருந்து ஒரு குரல் வந்தது. கடைசி எழுத்தை இழுத்து மேலே கொண்டுபோய் ஒரு திருப்புத் திருப்பி இறக்கினாள். நான் பார்த்தது அவள் காலை. இத்தனை நாளும் கட்டை மாதிரி விறைத்திருந்த கால் துவண்டு கிடந்தது. என் கை தானாகப் போய்த் துணியின் ஒரு மூலையைத் தூக்கிற்று.

அவள் சட்டென்று நிறுத்தினாள்.

"திருட்டுத்தனம் பண்ற பாத்தியா? பட்டை போட்டுக்கினு கீற, வெக்கமா இல்ல?"

"கால் தளர்ந்திருந்தது. வலிச்சுதா?"

யோசித்தாள். "வலிச்சுது. ஆனா அது அந்தாண்ட எங்கியோ இருந்திச்சி." பிறகு அவளே கட்டளை போட்டாள். "இந்தா பாரு. நான் கூவிக்கினு கீறப்போ நீ பண்ணு. நான் வாய மூடினா நீ கைய எட்த்துடணும். ஏன்னு கேக்கக்கூடாது. இன்னும் கொஞ்சந்தான்னு சொல்லக்கூடாது. ஏமாத்தினே, இந்தக் காலு உன் மூஞ்சில இருக்கும்."

"சரி."

"அப்புறம், நான் கூவினா நீ வாங்க வரணும். ஆளில்லாத தெருவுல எவ கூவுவா?"

பிறந்ததிலிருந்து சைவம் நான். வெள்ளிக்கிழமையில் வீட்டில் மீன் என்ற பேச்சே எடுக்க மாட்டோம். நெற்றி நிறைய விபூதியோடு, வார்டு நடுவில் உட்கார்ந்து, "என்ன மீனம்மா?" என்று ராகமாகக் கேட்க வேண்டும் என்கிறாள். முடியாது என்று சொல்ல வாயைத் திறந்தேன். மணலில் கிடந்த அந்தக் குடிசையின் ஞாபகம் வந்தது. கேட்டேன்.

"என்ன மீனம்மா கூடையிலே?"

"நெத்திலி கீது, காரப்பொடி கீது..."

"காரப்பொடியா?"

நிறுத்தினாள். என் கையும் நின்றது. "மீனு பேரு நைனா. சாம்பாருக்குப் போடறதுன்னு நெனச்சிக்கினியா? இவன்லாம் எனக்கு கிராக்கி." பக்கத்துக் கட்டில்காரிகள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். பிறகு மறுபடி கூவினாள். நான் மறுபடி கேட்டேன். அன்றைக்குப் பாதிக் கட்டு மாற்றினேன். மறுநாள் முழுவதும். பெரிய டாக்டர் ரவுண்டு வந்தபோது புண் சுத்தமாக இருந்தது. எப்படி என்று கேட்டார். பேசிச் சம்மதிக்கவைத்தோம் என்றார் சின்ன டாக்டரம்மா. பொய் இல்லை.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். பாகவதரும் நானும் நோயாளிக்குப் பாட வந்தவர்கள். அங்கே வேலை செய்தது அவள் பாடினது. அதைவிட, அவள் நிறுத்தினால் நான் நிறுத்துவேன் என்பது. எனக்கு அது புதிது இல்லை. பின்பாட்டுக்காரனுக்கு முன்னால் பாடுகிறவர் வாய்மேல்தான் கண். அவர் நிறுத்திய பிறகு நாம் ஓர் எழுத்து இழுத்தாலும் தெருவே திரும்பிப் பார்க்கும். அந்தப் பழக்கம்தான் கைக்கு வந்தது. சில நாள் அவள் நாலு முறை கூவுவதற்குள் வாயை மூடிவிடுவாள். நான் இடுக்கியைத் தட்டில் வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பேன். மற்ற வேலை அத்தனையும் கிடக்கும். நர்ஸம்மா வந்து முறைப்பார். உள்ளே எனக்குக் கொதிக்கும். ஆனால் கை போகாது.

தடை போட்ட பெரிய டாக்டருக்கு இது தெரியாமல் இருக்குமா? தெரிந்தது. நோயாளியைப் பார்க்க வந்த ஒரு வீட்டார், இது ஆஸ்பத்திரியா மீன் மார்க்கெட்டா என்று கேட்டுவிட்டார்கள். நிறுத்து என்று மறுபடி உத்தரவு. சின்ன டாக்டரம்மா போராடினார். கடைசியில் ஒரு யோசனை சொன்னார். தி.நகர் ஜவுளிக்கடை முதலாளி ஒருவர் ஆஸ்பத்திரிக்கு உதவுகிறவர், வார்டைப் பார்க்க வருகிறார். அன்றைக்கு அவர் எதிரிலேயே கட்டு மாற்றிக் காட்டுவோம். அவருக்குப் பிடித்துவிட்டால் பெரிய டாக்டரும் ஒப்புக்கொள்வார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்.

அஞ்சலை மறுக்கவில்லை. காலையிலேயே ஆயாவைக் கூப்பிட்டுத் தலை பின்னச் சொன்னாள். "மொதலாளி வராரு, புதுக் கிராக்கி" என்று பூ கேட்டு வைத்துக்கொண்டாள்.

வந்தார்கள். முதலாளி திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். வெள்ளை வேட்டி சட்டை, அதிகம் பேசாத மனுஷர். அவரோடு சிலர், பெரிய டாக்டர், சின்ன டாக்டரம்மா. எல்லாரும் கட்டிலின் கால்மாட்டில் அரைவட்டமாக நின்றார்கள். சின்ன டாக்டரம்மா, "ஆரம்பிங்கம்மா" என்றார்.

அஞ்சலை கூவினாள். நான் கேட்டேன். நனைந்த துணியின் ஓரத்தை எடுத்து மெல்லத் தூக்கிக்கொண்டே வந்தேன். பாதி வந்துவிட்டது. அப்போது கூட வந்தவர்களில் ஒருவர், பாவம், அவரை அறியாமல்தான், தோளில் கிடந்த துண்டை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டார்.

அஞ்சலை அதைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள்.

நான் கையை எடுத்துவிட்டேன்.

துணி பாதி ஒட்டியும் பாதி தொங்கியும் இருந்தது. புண்ணிலிருந்து ரத்தம் கசிந்தது. பெரிய டாக்டர், "ஏன் நிறுத்திட்டீங்க?" என்றார்.

"அவங்க நிறுத்திட்டாங்க ஐயா."

"திறந்த புண்ணைப் பாதியில விடறதா? சீக்கிரம் முடிங்க."

அவர் சொன்னதும் தொழிலுக்குச் சரிதான். திறந்த புண்ணை அப்படி விடக்கூடாது. இன்னும் நாலு விரற்கடை. ஒரே இழுப்பில் வந்துவிடும். அவளும் மானத்துக்கு அஞ்சிக் கத்தாமல் பல்லைக் கடித்துக்கொள்வாள். பெரியவர்கள் முன்னால் எனக்கும் நல்ல பெயர். சின்ன டாக்டரம்மா என்னைப் பார்த்த பார்வையில் கெஞ்சல் இருந்தது. அவருடைய திட்டமே அந்த நாலு விரற்கடையில் இருந்தது. ஆனால் இன்றைக்கு நான் இழுத்தால் இன்றைய கட்டு ஒன்றுதான் முடியும். நாளைக்கு அவள் காலைத் தர மாட்டாள். அவளைக் குடிசைக்கு அனுப்புவார்கள். இன்றைக்கு விட்டால், எனக்கு வேலை போகலாம். வேலை போனால் வீட்டில் என்ன சொல்வது என்றும் அந்த நிமிஷத்தில் நினைத்தேன். இல்லை என்று சொல்ல மாட்டேன்.

ஈரத் துணியை எடுத்துத் திறந்திருந்த இடத்தில் போர்த்தினேன். இடுக்கியைத் தட்டில் வைத்தேன். கைகளை மடியில் வைத்துக்கொண்டேன்.

"உங்களைத்தான் சொல்றேன்" என்றார் பெரிய டாக்டர். குரல் மாறிவிட்டது.

அப்போது முதலாளி பேசினார். "டாக்டர் சார், அந்தம்மா கடையை அடைச்சிட்டாவ. அடைச்ச கடை வாசல்ல நாம கூட்டமா நின்னா நல்லாவா இருக்கும்? வாங்க, வெளிய போவோம்."

அஞ்சலையைப் பார்த்துக் கும்பிட்டார். "வாரேன் தாயி. யாவாரத்தைக் கெடுத்துட்டோம், மனசுல வச்சுக்காதிய."

அஞ்சலை அவரை மேலும் கீழும் பார்த்தாள். "நீ வா மொதலாளி. இன்னொரு நாளு தனியா வா. துண்டுக்காரர இட்டாராத."

முதலாளி சிரித்துவிட்டார். பெரிய டாக்டர் வேறு வழியில்லாமல் அவரோடு நடந்தார். சின்ன டாக்டரம்மா போகவில்லை. முகம் சிவந்து நின்றிருந்தார். "நானும் போகட்டுமாம்மா?" என்று அஞ்சலையைக் கேட்டார்.

"இருந்தா மீனு வாங்கணும். சும்மா நின்னு பாக்கறதுக்கு இது இன்னா பயாஸ்கோப்பா?"

டாக்டரம்மா கட்டில் ஓரத்தில் குந்தினார். என்ன கேட்பது என்று தெரியாமல், "சுறா இருக்கா?" என்றார்.

"சுறா புள்ள பெத்தவளுக்கு. உனக்கு இன்னும் கண்ணாலமே ஆவல. நெத்திலி வாங்கிக்கினு போ." பிறகு என்னைப் பார்த்து, "இன்னா நைனா, காலப் பாத்துக்கினே குந்திக்கினு கீற? கூவட்டா?"

அந்த நாலு விரற்கடை அன்றைக்கு வரப் பகல் சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. வந்தது.

பாட்டு வைத்தியத்துக்கு என் காலத்தில் அந்த ஆஸ்பத்திரியில் யாரும் அனுமதி தரவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன். சின்ன டாக்டரம்மா எழுதிக் கொடுத்த திட்டத்தை யாரும் படிக்கவில்லை. அலுத்துப்போய் வேறு ஊருக்குப் போய்விட்டார். பெரிய டாக்டர் என்னோடு பல நாள் பேசவில்லை. ஆனால் அஞ்சலையை வீட்டுக்கு அனுப்பு என்று அதன் பிறகு ஒரு முறைகூடச் சொல்லவில்லை. மீன் மார்க்கெட் என்று யாராவது முறையிட்டால், "கொஞ்ச நேரந்தானே, பொறுத்துக்குங்க" என்பார். ஒருநாள் அவரே வார்டு வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். உள்ளே வரவில்லை. வந்திருந்தால் அவளிடம் மீன் வாங்க வேண்டியிருக்கும்.

மாசங்கள் போயின. உடம்பு இறங்கிக்கொண்டே வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை காலை தட்டோடு போனேன். அஞ்சலைக்குக் குரல் போய்விட்டது. மூச்சுத்தான் வந்தது. நான் தட்டை வைத்துவிட்டுக் காத்திருந்தேன். அவள் கூவவில்லை என்றால் என் கை போகாது. அது எங்கள் ஒப்பந்தம். ஆனால் கட்டு நனைந்து சொட்டிக்கொண்டிருந்தது. என்ன செய்வது என்று தெரியாமல் அவள் முகத்தையே பார்த்தேன்.

உதட்டை அசைத்தாள். காதைக் கிட்டே கொண்டுபோனேன்.

"இன்னிக்கி நீ கூவு."

"எனக்கு வராதும்மா."

"இத்தினி நாளா வாங்கினியே. ஒரு நாளு வித்துப் பாரு."

"நீ நிறுத்தச் சொல்றது எனக்கு எப்படித் தெரியும்?"

போர்வைக்கு மேலே ஒரு விரலைத் தூக்கிக் காட்டினாள். பிறகு இறக்கினாள். புரிந்தது.

அன்று விரதம் வேறு. கோயில் குங்குமம் நெற்றியில் ஈரமாக இருந்தது. வார்டில் எல்லாரும் என்னையே பார்த்தார்கள். ஈசுவரா என்று ஒரு தரம் சொல்லிக்கொண்டு கூவினேன். வஞ்சிரம் இருக்கு, வவ்வால் இருக்கு என்று ஆரம்பித்தேன். விரல் உயர்ந்தது. நிறுத்தினேன். "கீது" என்று உதடு அசைந்தது. இருக்கு என்றால் யாரும் வாங்க மாட்டார்கள் போலிருக்கிறது. கீது என்று மாற்றினேன். விரல் இறங்கிற்று. கடைசி எழுத்தை அவள் திருப்புகிற மாதிரி திருப்பிப் பார்த்தேன். வரவில்லை. பக்கத்துக் கட்டில்காரி ஒருத்தி, "என்ன மீனுப்பா கூடையில?" என்று கேட்டு என் மானத்தைக் காப்பாற்றினாள். சங்கரா, நெத்திலி, காரப்பொடி, எனக்கு வாயில் வந்த மீனையெல்லாம் விற்றேன். வேலை முடிகிற வரைக்கும் அந்த விரல் மறுபடி உயரவில்லை.

அதற்குப் பிறகு அவள் அதிக நாள் இருக்கவில்லை. போனபோது கால் சுத்தமாக இருந்தது. தங்கச்சி வந்து போர்வையை விலக்கி அந்தக் கட்டைப் பார்த்துவிட்டு, "வெள்ளையா வச்சிருக்கீங்க சாமி" என்றாள். அவ்வளவுதான்.

சமீபத்தில் ஒரு விழாவில், பாட்டும் வைத்தியமும் என்று ஒருவர் பேசினார். எங்கேயோ கேட்ட கதை என்று சொன்னார். சாகக் கிடந்த ஓர் ஏழைப் பெண், பக்தியுள்ள ஊழியர் ஒருவர் இறைவன் மேல் பாடின பாட்டைக் கேட்டு, கட்டிலை விட்டு எழுந்து நடந்தாளாம். கூட்டம் கை தட்டியது. என் பக்கத்தில் இருந்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் பின் வரிசையில் உட்கார்ந்து பல்லைக் கடித்தேன். அன்று ராத்திரிதான் பேனாவைத் திறந்தேன். இந்த முறை மூடவில்லை.

அதனால் உங்களிடம் ஒரு விண்ணப்பம். இதைப் பிறருக்குச் சொல்லுங்கள். வார்டில், டீ குடிக்கிற இடத்தில், புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லுங்கள். ஆனால் நான் சொன்னபடியே சொல்லுங்கள். அவளை எழுந்து நடக்கவைக்காதீர்கள். அவள் செத்துப்போனாள். எனக்கு நல்ல குரல் கொடுக்காதீர்கள். முக்கியமாக, கேட்பவர்கள் முகம் சுளிப்பார்கள் என்று மீனை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சாமியை வைக்காதீர்கள். நான் தினமும் கும்பிடுகிற சாமிதான். அவர் அந்த வார்டில் இல்லை என்று நான் சொல்லவில்லை. இருந்திருந்தால் அவரும் கூடைக்குப் பக்கத்தில் குந்தி, என்ன மீனு என்றுதான் கேட்டிருப்பார்.